விதி செய்ததா, கை செய்ததா? கிரேக்கத் துன்பியல் நாடகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈடிபஸ் கதையை முதன்முதலாகக் கேட்கிற யாரும் ஒரு கட்டத்தில் இடைமறிப்பார்கள்: "பிறக்கும் முன்பே எழுதியாகிவிட்டது என்றால் அந்த ஆள் என்னதான் செய்திருக்க முடியும்?" நியாயமான கேள்வி. அதையும் அதன் பின்னாலேயே வரும் மற்றக் கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கதை தெரியாதவர்களுக்குத் தேவையான இடத்தில் கதையும் உண்டு. முடிவு தெரிந்துபோய்விடுமே என்று தயங்க வேண்டாம். ஏதென்ஸில் நாடகம் பார்க்க வந்து உட்கார்ந்தவர்களுக்கும் முடிவு தெரியும்.

எந்த நாடகங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் அரங்கேறியவை. ஒவ்வொரு வசந்த காலத்திலும் டயோனிசஸ் தெய்வத்துக்கு எடுத்த பெருவிழாவில், அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில், மூன்று கவிஞர்கள் போட்டி போடுவார்கள். ஆளுக்கு மூன்று துன்பியல் நாடகங்கள், கடைசியில் கேலியும் கும்மாளமுமாக ஒரு சாட்டிர் நாடகம். எழுதப்பட்டவை ஏராளம். முழுதாக நம் கைக்கு வந்து சேர்ந்தவை முப்பதுக்குச் சற்று மேல்தான். ஈஸ்கிலஸ், சோஃபக்ளிஸ், யூரிப்பிடிஸ் ஆகிய மூவர் பெயரில் அவை நிற்கின்றன.

எல்லாம் முன்பே விதிக்கப்பட்டதென்றால் ஈடிபஸ் மேல் என்ன தப்பு?

முதலில் கதை. தீப்ஸ் நகர அரசன் லாயஸ், பிறக்கும் மகன் தன்னைக் கொல்வான் என்று டெல்ஃபியின் அருள்வாக்கில் கேட்கிறான். குழந்தையின் கணுக்கால்களைச் சேர்த்துத் துளைத்து மலையில் எறிந்துவிடச் சொல்கிறான். எடுத்துப்போன இடையன் மனமிரங்கி இன்னொரு இடையனிடம் கொடுக்கிறான். பிள்ளையில்லாத கொரிந்து அரசன் வீட்டில் அது வளர்கிறது. வாலிபனான பின் குடிகாரன் ஒருவன், "நீ உன் அப்பனுக்குப் பிறந்தவன் இல்லை" என்று சீண்ட, ஈடிபஸ் டெல்ஃபிக்குப் போய்க் கேட்கிறான். கேட்ட கேள்விக்கு டெல்ஃபியின் தெய்வமான அப்போலோ பதில் சொல்லவில்லை. தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்று மட்டும் வாக்கு வருகிறது. கொரிந்துக்குத் திரும்பவே கூடாது என்று அவன் எதிர்த்திசையில் நடக்கிறான். முச்சந்தியில் வழிவிடும் தகராறு. வண்டியில் வந்த கிழவர் தலையில் அடிக்க, இவன் திருப்பி அடிக்கிறான். கிழவர் சாகிறார், கூட வந்தவர்களும் சாகிறார்கள், ஒருவன் மட்டும் தப்பி ஓடுகிறான். பிறகு தீப்ஸை வாட்டிய ஸ்ஃபிங்ஸ் என்னும் அரக்கியின் விடுகதையை விடுவித்து, அந்நகருக்கு அரசனாகி, விதவையான அரசியை மணக்கிறான். செத்த கிழவர்தான் லாயஸ், அந்த அரசிதான் ஈடிபஸைப் பெற்ற தாய் யோகாஸ்டா.

இவ்வளவும் சோஃபக்ளிஸின் நாடகம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மேடையில் நாம் பார்ப்பது ஒரே ஒரு நாளின் கதை. நகரத்தில் கொள்ளைநோய். லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் அது தீரும் என்கிறது டெல்ஃபி. ஈடிபஸ் விசாரணையைத் தொடங்குகிறான், கொலைகாரனைச் சபிக்கிறான், தோண்டிக்கொண்டே போகிறான். மூன்று பேர் அவனைத் தடுக்கிறார்கள். பார்வையற்ற குறிசொல்லி டைரீசியஸ், "என்னை வீட்டுக்கு அனுப்பிவிடு" என்கிறார். எல்லாம் புரிந்துவிட்ட யோகாஸ்டா, இனி விசாரிக்காதே என்று கெஞ்சுகிறாள். கிழட்டு இடையன், "எசமானே, இதுக்கு மேல கேட்காதீங்க" என்கிறான். மூவரையும் அவன் கேட்கவில்லை.

டெல்ஃபி சொன்னது இரண்டே செய்தி: கொல்வாய், மணப்பாய். 'கண்டுபிடிப்பாய்' என்று அது சொல்லவில்லை. கண்டுபிடித்தது அவனுடைய பிடிவாதம், அவனுடைய நேர்மை. தூக்கில் தொங்கிய யோகாஸ்டாவின் உடையிலிருந்த ஊசிகளைப் பிடுங்கிக் கண்களில் குத்திக்கொண்ட பின், "எந்தத் தெய்வம் உன்னைத் தூண்டியது?" என்று கோரஸ், அதாவது மேடையில் பாடி ஆடும் குழு, கேட்கிறது. அவன் பதில் ஏறத்தாழ இப்படி வரும்: என் துயரங்களைக் கொண்டுவந்து சேர்த்தவன் அப்போலோ, ஆனால் குத்தியது என் கை, வேறு யார் கையும் அல்ல.

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பக்கத்துக்கு இப்படித் தலைப்பு வைத்தேன். தெய்வம் பாதி, மனிதன் பாதி என்று அவன் பங்கு பிரிக்கவில்லை. முழுக்கவும் அப்போலோ, முழுக்கவும் என் கை. இரண்டும் ஒரே சமயத்தில். நமக்கு இது முரணாகப் படுகிறது. அன்று பார்த்தவர்களுக்கு அப்படிப் பட்டதாகத் தெரியவில்லை.

டைரீசியஸ் 'நீ குருடனாவாய்' என்று சொல்கிறாரே?

சொல்கிறார், கோபத்தில். ஆனால் நடக்கப்போவதை அறிவது வேறு, நடத்திவைப்பது வேறு. சூரிய கிரகணம் இன்ன நாளில் என்று பஞ்சாங்கம் போடுகிறது. கிரகணத்தை உண்டாக்குவது பஞ்சாங்கமா?

அவன் அப்பாவே சும்மா இருந்திருந்தால்?

இதே கதையை ஈஸ்கிலஸ் வேறு மாதிரி வைத்திருக்கிறார். கி.மு. 467இல் அரங்கேறிய அவருடைய நாடகத்தில், பிள்ளை பெறாமல் செத்தால் உன் நகரம் பிழைக்கும் என்று அப்போலோ லாயஸுக்கு மூன்று முறை எச்சரிக்கிறார். வாசல் திறந்துதான் இருந்தது, லாயஸ் ஆசைக்குத் தோற்றான். சோஃபக்ளிஸ் அந்த வாசலை மூடிவிட்டார்: அவர் நாடகத்தில் வாக்குக்கு நிபந்தனை ஏதும் கிடையாது. ஆகவே "கிரேக்கர்கள் விதியை இப்படி நம்பினார்கள்" என்று ஒற்றை வாக்கியத்தில் முடிப்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். ஒரே கதையில் இரண்டு கவிஞர்களுக்கே ஒத்துப்போகவில்லை.

பிற்காலத்தில், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ் இதை வைத்தே ஒரு வாதத்தை மடக்கினார். 'நோய் குணமாக வேண்டும் என்பது விதியானால், வைத்தியரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் குணமாகும்' என்ற வாதம் அப்போது பேர்போனது. 'சோம்பேறி வாதம்' என்றே அதற்குப் பெயர். கிரிசிப்பஸ் சொன்னார்: லாயஸுக்கு ஈடிபஸ் பிறப்பான் என்பது விதி என்றால், 'அவன் பெண்ணோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும்' என்று சொல்ல முடியுமா? சேர்வதும் அந்த விதிக்குள்ளேதானே அடக்கம்! வைத்தியரைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

கிரேக்கர்கள் விதிக்கு என்ன சொல் வைத்திருந்தார்கள்?

ஒரு சொல்லா இருந்தது? 'மொய்ரா' என்றால் பங்கு, அதாவது ஒருவருக்கு அளந்து கொடுத்தது. தமிழ் வாசகருக்கு இது எளிதில் பிடிபடும். பகுதி என்று பொருள்படும் 'பால்' என்ற சொல்லே பழந்தமிழில் ஊழையும் குறிக்கும். 'அனங்கே' என்றால் தப்பிக்க இடமில்லாத கட்டாயம். 'டைகே' என்றால் தற்செயல், குருட்டு வாய்ப்பு. 'ஆட்டே' என்பது புத்தி மழுங்கிப்போவதையும் அதனால் வரும் அழிவையும் சேர்த்துச் சொல்லும் சொல். கெடுகிற காலத்தில் மதி கெடும் என்போமே, அது.

மாறாக, 'சுதந்திரமான சித்தம்' என்பதற்கு இந்த நாடகங்களில் ஒரு சொல் கிடையாது. 'மனமுவந்து செய்தான்', 'மனமின்றிச் செய்தான்' என்று செயலை இரண்டாகப் பிரிக்கும் சொற்கள் உண்டு. கேள்வி உள்ளத்தைப் பற்றியதாக இல்லாமல் செயலைப் பற்றியதாக இருந்தது. பிற்காலத் தத்துவத்தின் கேள்வியை முந்திய மேடைமேல் ஏற்றிவிட்டு, விடை வரவில்லையே என்று குறைபட்டுக்கொள்கிறோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

தெய்வங்களும் விதிக்குக் கட்டுப்பட்டவையா?

சில இடங்களில் ஆம். இலியட் காவியத்தில் தன் மகன் சார்பிடானைச் சாவிலிருந்து காப்பாற்றலாமா என்று தெய்வங்களின் அரசன் ஸூஸ் யோசிக்கிறார். மனைவி ஹீரா கண்டிக்க, விட்டுவிடுகிறார். முடியாமல் விட்டாரா, கூடாதென்று விட்டாரா? காவியம் அதைத் திட்டவட்டமாகச் சொல்லவில்லை.

இது நம் ஊழ்வினை மாதிரிதானே?

பாதி தூரம் வரை. சிலப்பதிகாரத்தில் கோவலன் சாவுக்குப் பின்னே முற்பிறவிக் கொலை ஒன்று இருக்கிறது. அவனே செய்தது, அவனே அனுபவிக்கிறான். கிரேக்க நாடகங்களில் வினை ரத்தத்தின் வழியே இறங்குகிறது. அட்ரியஸ் தன் தம்பிக்கு அவன் பிள்ளைகளின் இறைச்சியையே விருந்தாக வைத்தான். அந்தக் கணக்கு அவன் மகன் அகமெம்னான் தலையிலும் பேரன் ஒரெஸ்டெஸ் தலையிலும் விடிகிறது. தாத்தா குற்றத்துக்குப் பேரன் ஏன் கட்ட வேண்டும்? பிறவிச் சுழற்சியை நம்புகிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது. ஏதென்ஸ்காரர்களுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது, நாடகங்களும் வந்துகொண்டே இருந்தன.

நாயகனின் 'குணக்குறை'தான் அழிவுக்குக் காரணம் என்று படித்தோமே?

தேர்வு நோட்ஸ் செய்த வேலை. அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' நூலில் பயன்படுத்திய சொல் 'ஹமார்ட்டியா'. அம்பு குறி தப்புவதைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது அது. பிழை, தவறிப்போதல் என்று கொள்ளலாம். கெட்டவன் என்பதால் வீழாமல், ஏதோ ஒரு பெரும் பிழையால் வீழ்பவனே துன்பியலுக்கு ஏற்றவன் என்கிறார். அந்தப் பிழை அறியாமையாகவும் இருக்கலாம். வந்தவர் தந்தை என்று தெரியாததைக் குணக்குறை என்று சொல்வீர்களா? சுவாரசியம் என்னவென்றால், அந்த நூலில் அரிஸ்டாட்டில் விதியைப் பற்றிப் பேசுவதே இல்லை என்று சொல்லிவிடலாம்.

இதே கதிதான் 'ஹியூப்ரிஸ்' என்ற சொல்லுக்கும். ஆணவம் என்று மொழிபெயர்த்து எல்லா நாயகர் நெற்றியிலும் ஒட்டிவிடுகிறார்கள். ஏதென்ஸ் சட்டத்தில் அது வழக்குப் போடக்கூடிய குற்றம்: ஒருவரை இழிவுபடுத்தி அதில் மகிழ்வது.

பாத்திரங்களே விதியின் மேல் பழியைப் போட்டால் நாடகம் ஒத்துக்கொள்கிறதா?

இந்த நாடகங்களிலேயே எனக்கு மிகப் பிடித்த இடங்கள் இங்கேதான் இருக்கின்றன, ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்டேயா' முத்தொடர், கி.மு. 458. ட்ராய் நகரத்தின்மேல் படையெடுக்க, அகமெம்னான் தலைமையில் கிரேக்கக் கப்பல்கள் அவுலிஸ் துறையில் காத்துக் கிடக்கின்றன. எதிர்க்காற்று ஓயவில்லை. மகள் இஃபிஜெனியாவைப் பலி கொடுத்தால் பெண்தெய்வம் ஆர்ட்டெமிஸ் மனமிரங்குவாள் என்கிறார் குறிசொல்லி. கொடுத்தாலும் கேடு, மறுத்தாலும் கேடு என்று புலம்புகிறான் அகமெம்னான். கூட்டணியை எப்படிக் கைவிடுவேன் என்கிறான். அடுத்து கோரஸ் பாடும் வரியில், அவன் கட்டாயத்தின் நுகத்தடியைத் தானே எடுத்துத் தன்மேல் பூட்டிக்கொள்கிறான். நுகம் அனங்கேயுடையது, பூட்டிய கை அவனுடையது. அதன் பிறகு அவன் மனமே திரும்பிவிட்டது, எதையும் செய்யத் துணிந்துவிட்டான் என்று கோரஸ் சொல்கிறது. மகள் சபித்துவிடாதபடி வாயைக் கட்டச் சொல்கிறான்.

பத்து ஆண்டுகள் கழித்து அவன் வெற்றியோடு திரும்பும்போது மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ரா வெட்டிக் கொல்கிறாள். "என் கை செய்தது" என்று முதலில் பெருமையாகச் சொன்னவள், கொஞ்ச நேரத்தில், "நான் அவன் மனைவியே இல்லை, இந்தக் குடும்பத்தைத் தொடரும் பழிவாங்கும் ஆவி என் உருவில் வந்து செய்தது" என்கிறாள். கோரஸ் மடக்குகிறது: உனக்குக் குற்றமில்லை என்று சாட்சி சொல்ல யார் வருவார்? அந்த ஆவி வேண்டுமானால் உனக்குக் கூட்டாளியாக இருந்திருக்கலாம். இதைவிடச் சுருக்கமாக இந்த விவகாரத்தை யாரும் சொல்லிவிட முடியாது. விதிக்கு இங்கே வேலை உண்டு, ஆனால் அது உடந்தை மட்டுமே.

அடுத்த நாடகத்தில் மகன் ஒரெஸ்டெஸ் வாளோடு நிற்கிறான். "இதில் மொய்ராவுக்கும் பங்கு உண்டு, மகனே" என்கிறாள் தாய். "அப்படியானால் இந்தச் சாவையும் மொய்ராதான் ஏற்பாடு செய்தாள்" என்கிறான் மகன். விதியைச் சாக்காகச் சொன்னால் எதிராளியும் அதையே சொல்லலாம் என்பதை அவள் யோசிக்கவில்லை.

யூரிப்பிடிஸ் இதை இன்னும் காரமாக்குகிறார். கி.மு. 415இல் அரங்கேறிய 'ட்ராய்ப் பெண்கள்' நாடகத்தில், கணவன் மெனலாஸை விட்டு ட்ராய் இளவரசன் பாரிஸோடு போய்ப் போருக்குக் காரணமான ஹெலன் தனக்காக வாதாடுகிறாள். பாரிஸைப் பெற்றவள் ட்ராய் அரசி ஹெக்கபா, முதல் குற்றவாளி அவள். அவனோடு கூட வந்தவள் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி, ஸூஸே அவளுக்கு அடிமை, நான் எம்மாத்திரம்? நாடும் பிள்ளைகளும் போன கிழட்டு ஹெக்கபா எழுந்து பதில் சொல்கிறாள்: என் மகன் அழகன். அவனைப் பார்த்தபோது உன் மனமே அஃப்ரோடைட்டி ஆகிவிட்டது. வாதத்தில் ஹெக்கபா ஜெயிக்கிறாள், கணவன் மெனலாஸும் ஒத்துக்கொள்கிறான், ஊருக்குப் போய்க் கொல்கிறேன் என்கிறான். ஒரே கப்பலில் அவளை ஏற்றாதே என்று கெஞ்சுகிறாள் ஹெக்கபா. ஒடிசி படித்தவர்களுக்குத் தெரியும்: ஹெலன் ஸ்பார்ட்டாவில் சௌக்கியமாக வாழ்ந்தாள்.

விதியே இல்லாத நாடகம் உண்டா?

சோஃபக்ளிஸின் 'ஆன்டிகனி'யில் விதியைப் பற்றிய பாட்டுகள் உண்டு. ஆனாலும் அரசன் கிரியோனின் அழிவு ஒரு வரிசைக் குழப்பத்தில் நடக்கிறது. துரோகி என்று அறிவித்தவனின் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்று ஆணையிட்டவன் அவன். ஆணையை மீறிப் புதைத்த, செத்தவனின் சகோதரி ஆன்டிகனியைப் பாறைக் குகையில் அடைத்தவனும் அவன்தான். கடைசியில் மனம் மாறுகிறான். "முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்துக்குக் கல்லறை எழுப்பு" என்று முதியவர்கள் சொல்கிறார்கள். அவன் பிணத்தை முதலில் கவனிக்கிறான், குகைக்குப் பிறகு போகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டுக்கொண்டாள். அவளைக் காதலித்த அவன் மகன் வாள்மேல் பாய்கிறான். செய்தி கேட்ட மனைவியும் சாகிறாள். இதற்கு எந்த அருள்வாக்கும் தேவைப்படவில்லை.

அறியாமல் செய்தவனை ஏன் தண்டிக்க வேண்டும்? இதுவா நீதி?

இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: குற்றம் ஒன்று, தீட்டு ஒன்று. ரத்தம் சிந்தியவன்மேல் தீட்டு ஒட்டும். எண்ணம் நல்லதா கெட்டதா என்று அது விசாரிக்காது, தொற்றுநோய் மாதிரி ஊரையே பிடிக்கும். ஏதென்ஸில் ஆள்மேல் விழுந்து கொன்ற கல்லையும் மரத்தையும்கூட விசாரித்து எல்லைக்கு வெளியே எறிய ஒரு தனி நீதிமன்றம் இருந்தது. சிரிக்கத் தோன்றும். ஆனால் அதே ஏதென்ஸில், கி.மு. 621 வாக்கில் டிராக்கோன் இயற்றிய கொலைச் சட்டம் வேண்டுமென்றே செய்த கொலையையும் தெரியாமல் செய்த கொலையையும் பிரித்து வைத்தது. வெவ்வேறு கொலைக்கு வெவ்வேறு மன்றங்கள். பார்வையாளர்கள் இரண்டையும் நம்பினார்கள்.

ஈடிபஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நசுங்குகிறான். சோஃபக்ளிஸ் தொண்ணூறு வயதை நெருங்கும்போது எழுதி, அவர் இறந்த பின் கி.மு. 401இல் அரங்கேறிய 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில், கிழவனாகிவிட்ட அவன் வக்கீல் மாதிரி பேசுகிறான்: நான் செய்தவை என்பதைவிட எனக்கு நேர்ந்தவை என்பதே பொருத்தம், என்னை அடித்தான், திருப்பி அடித்தேன், யாரென்று தெரியாது, சட்டத்தின் முன் நான் தூயவன். 'என் கை' என்றவனே இப்போது இப்படிச் சொல்கிறான். மாற்றிப் பேசுகிறான் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று அவன் கண்ணைக் குத்தியதைப் பற்றிப் பேசினான், அது தெரிந்தே செய்தது. இன்று பேசுவது முச்சந்தியைப் பற்றி.

ஒரெஸ்டெஸ் வழக்கில் நீதி கிடைத்ததா?

'ஒரெஸ்டேயா'வின் கடைசி நாடகத்தில், தாயைக் கொன்றவனை எரின்யெஸ் என்னும் பழிவாங்கும் தெய்வங்கள் துரத்துகின்றன. கொல்லச் சொன்னதே அப்போலோ. விவகாரம் ஏதென்ஸுக்கு வர, நகரத்தின் காவல் தெய்வம் அதீனா அரெயோபாகஸ் குன்றில் குடிமக்களை நடுவர்களாக உட்கார வைக்கிறாள். மேடையில் இதைப் பார்த்தவர்களில் பலருக்கு நடுவர் வேலை பழக்கமானது. ஆண்டுக்கு 6,000 பேர் அதற்குப் பதிவு செய்யப்பட்ட ஊர் அது. அரெயோபாகஸ் மன்றத்தின் அரசியல் அதிகாரத்தைப் பிடுங்கி, கொலை வழக்குகளை மட்டும் பெரும்பாலும் விட்டுவைத்த சீர்திருத்தம் நடந்து நாலு ஆண்டுகூட ஆகவில்லை. அதைக் கொண்டுவந்த எஃபியால்டிஸ் கொலை செய்யப்பட்டிருந்தார். யாருக்கும் இது பழங்கதையாகப் பட்டிருக்காது.

வாதம் என்னவோ படுமோசம். தாய் உண்மையான பெற்றோர் அல்ல, விதையைச் சுமக்கும் மண் மட்டுமே என்கிறார் அப்போலோ. தாயில்லாமல் பிறந்த நான் ஆண் பக்கம் என்கிறாள் அதீனா. வாக்குகள் சமமாக விழுகின்றன, சமமானால் விடுதலை. அதாவது உட்கார்ந்திருந்த மனிதர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்போலோவின் வாதம் எடுபடவில்லை. இதைக் 'காட்டுமிராண்டிப் பழிவாங்கலிலிருந்து நாகரிக நீதிக்கு' என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். கொல்லப்பட்ட தாயின் வழக்கை மேடையில் ஒழுங்காக வாதாடியவை எரின்யெஸ்தான்.

ஈஸ்கிலஸுக்கும் அது தெரியும். அதனால்தான் தீர்ப்போடு நாடகம் முடியவில்லை. ஒரெஸ்டெஸ் கிளம்பிப் போய்விடுகிறான், தோற்றவர்கள் மண்ணை நஞ்சாக்குவோம் என்று கொதிக்கிறார்கள். அதீனா ஆண்டாண்டாக வரும் பூசையும், குன்றின் அடியில் இடமும் தருவதாகச் சொல்லி, பொறுமையாகப் பேசிப் பேசி அவர்களைச் சம்மதிக்க வைக்கிறாள். நகரத்திலிருந்து அச்சத்தை அடியோடு விரட்டிவிடாதீர்கள் என்று நடுவர்களிடம் முன்பே சொன்னவள் அவள். செந்நிற ஆடை போர்த்தி, தீவட்டி ஊர்வலமாக அந்தப் பழைய தெய்வங்களைக் குடியேற்றுகிறார்கள்.

தெய்வமே அநியாயம் செய்தால்?

யூரிப்பிடிஸின் 'ஹெராக்ளிஸ்'. கொடுங்கோலன் கையிலிருந்து மனைவி மக்களை அப்போதுதான் மீட்டிருக்கிறான் மாவீரன் ஹெராக்ளிஸ். ஹீராவின் பொறாமையால் அவன்மேல் ஏவப்படுகிறாள் லிஸ்ஸா, பித்தின் தெய்வம். 'எனக்கு இதில் விருப்பமில்லை, சூரியனே சாட்சி' என்று அவளே மறுத்துப் பார்க்கிறாள்! பித்துக்கே இருந்த நியாய உணர்வு ஹீராவுக்கு இல்லை. ஹெராக்ளிஸ் தன் பிள்ளைகளையும் மனைவியையும் கொன்றுவிட்டுத் தூங்கிப்போகிறான். கண்விழித்துச் சாக நினைக்கிறவனை நண்பன் தீசியஸ் தடுக்கிறான். தீட்டு ஒட்டுமே, கிட்டே வராதே என்கிறான் ஹெராக்ளிஸ். ஒட்டட்டும் என்று கை கொடுக்கிறான் தீசியஸ். இந்த நாடகத்தில் எந்தத் தெய்வமும் வந்து கணக்கு நேர் செய்வதில்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

சோஃபக்ளிஸின் ஈடிபஸில் தொடங்குங்கள். ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஒரெஸ்டேயாவின் முதல் நாடகம் கரடுமுரடாக இருக்கும், கோரஸ் பாட்டுகளில் தடுக்கி விழுவீர்கள். கவலைப்படாமல் தாண்டிப் போய், முடித்த பின் திரும்பி வாருங்கள். ஹெராக்ளிஸை ராத்திரியில் தனியாகப் படிக்க வேண்டாம்.